புகை இல்லாத பூண்டுப் பெட்டி

நான் பத்தாம் வகுப்பு முடித்து, ஐடிஐ போய் பிட்டர் வேலை படித்தவன் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். மலையில் இருந்த அந்த என்ஜினியரிங் கல்லூரியில் எனக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. லேத்தை ஓடவிட்டுக் காட்டுவது, பிள்ளைகள் விரலை உள்ளே விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது, சாயங்காலம் இரும்புத்தூளைக் கூட்டி அள்ளுவது. அப்படிப்பட்டவன் ஒரு வருஷம், மூன்றாம் வருஷத்து மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குப் புதுத் தொழில் யோசனையைக் கண்டுபிடிப்பது எப்படி, அதைச் சந்தையில் விற்பது எப்படி என்று பாடம் நடத்தினேன். சிரிக்காதீர்கள். அந்த வருஷம்தான் நான் வீட்டில் சரியாகப் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு என்ன என்று நீங்கள் கேட்டீர்கள். நான் சொல்லவில்லை.

அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்த சார் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். பாடத்தை நிறுத்த முடியாது, ஆளும் இல்லை. கல்லூரியை நடத்தும் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். மெக்கானிக்கலில் புதிதாகச் சேர ஆளே வரவில்லை என்று எனக்கும் தெரியும். முதல் வருஷத்து வகுப்பில் பெஞ்சுகள்தான் அதிகம், பிள்ளைகள் குறைவு.

"நம்ம பிள்ளைங்க செஞ்ச மெஷினை ஒரு விவசாயி காசு குடுத்து வாங்குனாருன்னு போட்டோவோட பேப்பர்ல வரணும். ஒரே ஒருத்தர் போதும். அது வந்துச்சுன்னா டிரஸ்ட்ல பேசி டிபார்ட்மென்டைக் காப்பாத்தித் தாரேன். இல்லேன்னா இந்த வருஷத்தோட பூட்டுதான்" என்றார்.

டிபார்ட்மென்டைப் பூட்டினால் ஒர்க்‌ஷாப்பையும் பூட்டுவார்கள். ஒர்க்‌ஷாப் இல்லையென்றால் குவார்ட்டர்ஸ் இல்லை. குவார்ட்டர்ஸ் இல்லையென்றால் அந்த ஊரில் எனக்கு வாடகைக்கு வீடு பிடிக்க வக்கு கிடையாது. உங்கள் பள்ளிக்கூடம், அதில் உங்கள் அம்மா பார்த்த ஆயா வேலை, எல்லாம் அந்த ஒரு பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல.

போன சார் விட்டுப்போன புரொஜெக்டர் படங்கள் ஒரு பென்டிரைவில் இருந்தன. பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த மட்டும் கரும்பலகையில் எழுதினேன்: சனங்களுக்கு என்ன கஷ்டம் என்று பார். அதைத் தீர்க்க ஒன்று செய். செய்வதற்கு முன்னால், வாங்குவீர்களா என்று அவர்களிடமே கேள். இவ்வளவுதான் என் பாடம்.

பிள்ளைகள் முதலில் குரங்கை விரட்டுகிற கருவி ஒன்று செய்தார்கள். குரங்கு பக்கத்தில் வந்தால் சைரன் அடிக்கும். கேன்டீன் சுவரில் மாட்டிய அன்றைக்கே ஒரு பெரிய குரங்கு அதைக் கழற்றிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மேலே உட்கார்ந்து சைரனை அடித்து அடித்து மற்ற குரங்குகளுக்கு விளையாட்டுக் காட்டியது. "கஸ்டமருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு சார்" என்றான் திண்டுக்கல்லிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பையன். வகுப்பிலேயே வாய் அதிகம் அவனுக்கு.

பிறகுதான் பூண்டு வந்தது. வில்பட்டியிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் ஒரு பெண் சொன்னாள்: மலைக்கு இன்னும் மேலே இருக்கும் மேல்மலை ஊர்களில் பூண்டைப் பிடுங்கிக் கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிடுவார்கள், கீழே அடுப்பு எரியும், புகை ஏறி ஏறிப் பூண்டு காயும், பூச்சி விழாது, மாதக்கணக்கில் கெடாது. ஆனால் அந்தப் புகைக்குள்தான் வீட்டில் எல்லோரும் படுத்துக் கிடக்க வேண்டும். கண்ணெல்லாம் எரியும்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கஷ்டம் இருக்கிறது, சனங்கள் இருக்கிறார்கள். தகரப் பெட்டி, உள்ளே ஹீட்டர், ஒரு ஃபேன், வெளியே ஒரு மீட்டர், சின்ன விளக்குகள். புகையே இல்லாமல் பூண்டு வெரசாகக் காய்ந்துவிடும். திண்டுக்கல் பையன் ஒரு பேனரே எழுதிவிட்டான்: இனி கண் எரியாது.

போன சாரின் பென்டிரைவில் சொன்னபடி, முதலில் கேட்டுவிட்டுத்தான் செய்தோம். மேல்மலையில் மன்னவனூருக்கு வெள்ளனே பஸ் ஏறி, வீடு வீடாகப் போனோம். வில்பட்டியில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போனோம். போன இடத்தில் எல்லாம் டீ கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கேரட்டைக் கழுவி மடியில் கட்டி அனுப்பினார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: நல்லாருக்கு சார், செஞ்சு கொண்டாங்க, வாங்கிக்கிறோம். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். நானும் கை தட்டினேன்.

பெட்டியைச் செய்து கொண்டுபோய், ஊர் முகப்பில் இருந்த ஒரு வீட்டின் முற்றத்தில் வைத்தோம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான் அந்த வீட்டில். அவர்கள் பூண்டில் ஒரு மூட்டையை அதில் காயப் போட்டோம். வெள்ளைவெளேர் என்று வந்தது. சந்தையில் நல்ல விலைக்குப் போயிற்று என்று பின்னால் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு விற்கத் தொடங்கினோம். விற்கவில்லை.

சனிக்கிழமை தவறாமல் போனோம். பூண்டு பிடுங்கி முடியட்டும் என்றார்கள். பிடுங்கி முடிந்ததும், வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். வீட்டுக்காரரைப் பார்த்தால், மகன் ஊரிலிருந்து வரட்டும் என்றார். மகன் வந்த அன்றைக்குத் திருவிழா. ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை. டீ மட்டும் குறையவே இல்லை. தாளாளர் வராண்டாவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், என்ன சார் ஆச்சு என்று கேட்பார். வந்துரும் சார் என்பேன். பிறகு அவர் கார் நிற்கிற பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

வீட்டில் உங்கள் அம்மா ஒருநாள் கேட்டாள். "என்னங்க, உடம்புக்கு ஏதும் செய்யுதா? சொன்னாத்தான தெரியும்." ஒன்றுமில்லை என்றேன். பெரியவள் அன்றைக்குப் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் இரண்டாவது வந்தது என்று நான் இரண்டு தடவை கேட்டேனாம். இரண்டு தடவையும் சொன்னாளாம். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

வருஷம் முடிய அதிகம் இல்லாத ஒரு நாள், வகுப்பில் நான் கையில் சாக்பீஸோடு ஒன்றும் எழுதத் தோன்றாமல் நின்றேன். என்னதான் தப்பு, யாராவது சொல்லுங்கள் என்றேன். பேனரை மாற்றலாம் என்றார்கள். கலரை மாற்றலாம் என்றார்கள். வில்பட்டிப் பெண் எழுந்து நின்றாள்.

"எங்க அம்மாவே வாங்க மாட்டாங்க சார்" என்றாள்.

"உங்க அம்மாதானம்மா நல்லாருக்குன்னு சொன்னாங்க. நான் வந்தப்ப என் முன்னாடிதான சொன்னாங்க?"

"வீடு தேடி வந்த சார்கிட்ட வேண்டாம்னு எப்பிடி சார் சொல்லுவாங்க? மேல்மலையில அத்தனை பேரும் அதான் சார் சொன்னாங்க."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க ரொம்ப ஆசையா இருந்தீங்க சார்."

எனக்குக் கோபம் வரவில்லை. உட்கார நாற்காலி எங்கே என்றுதான் பார்த்தேன். மூஞ்சிக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு வராது. எனக்கும் வராது. கல்யாணத்துக்கு வரமுடியாது என்றாலும், வந்துருவோம் என்றுதான் பத்திரிகையை வாங்கி வைப்போம். அப்படிப்பட்ட ஊரில் போய், வாங்குவீர்களா என்று கேட்டு, வந்த பதிலை நம்பி ஒரு பெட்டியையே செய்திருக்கிறோம்.

அப்படியானால் உண்மையை எப்படிக் கேட்பது? அன்று முழுக்க அதைத்தான் பேசினோம். போன சாரின் படங்களில் அதற்கு ஒன்றும் இல்லை. கடைசியில் வழி திண்டுக்கல் பையனிடமிருந்துதான் வந்தது. "எங்க தெருவுல யாரும் தன்னைப் பத்திக் கேட்டா நெசம் சொல்ல மாட்டாங்க சார். பக்கத்து வீட்டைப் பத்திக் கேளுங்க. விடிய விடியச் சொல்லுவாங்க."

அடுத்த சனிக்கிழமை மன்னவனூருக்கு மறுபடி போனோம். பெட்டி நின்ற அதே வீடு. அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து பூண்டுத் தாளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். வில்பட்டிப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கட்டை எடுத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டாள்.

"மேல்வீட்டுக்காரரு இந்தப் பெட்டியக் காசு குடுத்து வாங்கிட்டாருன்னு வைங்கத்தை. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"யாரு, அவனா?"

"அவரேதான்."

"கிறுக்குப் பயன்னு சொல்லுவேன்." அந்த அம்மா கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். "எரியுற அடுப்புல சும்மா வர்ற பொகைய விட்டுட்டுக் கரண்டுக்குக் கட்டி அழுவுறான் பாருன்னு சொல்லுவேன். காத்தடிச்சா ரெண்டு நாளைக்குக் கரண்டு வராது. பூண்டு உள்ள கெடந்து வேர்க்கும். அதையும் அள்ளிக்கிட்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போவான். வியாபாரி மூக்குல வச்சுப் பாப்பான். பொகை வாசமே இல்ல, இது மலைப்பூண்டு இல்ல, வடக்கத்திப் பூண்டுன்னு ஒதுக்கி வச்சுருவான். வந்த வெலைக்குத் தள்ளிட்டு வருவான். அப்புறம் அந்தப் பெட்டியில கோழியத்தான் அடைக்கணும்."

உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் குரல் வந்தது. "கோழியும் அடையாது. அந்த ஃபேன் சத்தத்துக்கு அது முட்டையும் போடாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். எனக்கு மட்டும் விளங்கிப் போயிற்று. அவர் சொன்னது மேல்வீட்டுக்காரர் மூட்டை இல்லை. நாங்கள் காயப்போட்டுக் கொடுத்த அவருடைய சொந்த மூட்டை. நல்ல விலைக்குப் போயிற்று என்று எங்களிடம் சொன்ன மூட்டை. அவர்களுக்கு நஷ்டம் செய்துவிட்டு, அவர்கள் கையாலேயே வாரா வாரம் டீயும் வாங்கிக் குடித்திருக்கிறோம்.

வில்பட்டிப் பெண் விடவில்லை. "அப்ப மேல்வீட்டுக்காரருக்கு வேற என்னதான் கஷ்டம்?"

"அவனுக்கு என்ன கஷ்டம், ராசா கணக்கா இருக்கான். அவன் பொண்டாட்டிக்குத்தான். பரண்ல ஏறிக் கட்டுறதும், எறங்குறதும், ஈரக் கட்டைத் திருப்பிப் போட மறுபடி ஏறுறதும். இடுப்பு விட்டுப் போச்சு அவளுக்கு." சொல்லும்போது தன் இடுப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஊர் முழுக்க இதே கேள்வியைக் கேட்டோம். எல்லோரும் பக்கத்து வீட்டைத் திட்டித் திட்டித் தங்கள் வீட்டைச் சொல்லி முடித்தார்கள். புகை யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. ஏணிதான் விஷயம்.

அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப்பில் இருந்த பைப்பை வளைத்து ஒரு சட்டம் செய்தோம். நான்கு மூலையிலும் கயிறு, மேலே கப்பிகள், சுவரில் ஒரு கைப்பிடி. கீழே இறக்கி, நின்றபடியே பூண்டைக் கட்டித் தொங்கவிட்டு, சுற்றினால் பரணுக்கு ஏறிவிடும். புகை பழையபடி அடுப்பிலிருந்து வரும். கரண்டு வேண்டாம். திண்டுக்கல் பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. "சார், இது கிணத்துக் கப்பி. இதுக்கா மூணு வருஷம் படிச்சோம்?" என்றான். ஆனாலும் நான்கு கயிறும் ஒரே மட்டத்தில் ஏறுவதற்கு அவன்தான் ராத்திரி ஹாஸ்டலில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான்.

அந்த அம்மா வீட்டிலேயே மாட்டினோம். ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். பிறகு ஆரம்பித்தார். கயிறு என்ன இத்துப் போனதா இருக்கு, இந்தக் கப்பி கீச்சுங்குது, புகையில பைப்பு துரு ஏறாதா, கைப்பிடி கைக்கு அடங்கல, இதுக்குப் போய் இந்த விலையா என்று வரிசையாகத் திட்டினார். வில்பட்டிப் பெண் என் காதருகே வந்தாள். "சார், திட்டுறாங்க சார்" என்றாள். சிரித்தபடி கண் கலங்கியிருந்தாள். நாங்கள் அந்த ஊரில் வாங்கிய முதல் திட்டு அது. வாங்கப்போகிறவர்தான் குறை சொல்வார் என்று அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. விலையைக் குறைத்தோம், கயிற்றை மாற்றித் தருகிறோம் என்றோம். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கொடுத்தார். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து போட்டோவுக்கு நின்றார்.

அந்த போட்டோவோடு தாளாளர் அறைக்குப் போனேன். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் காலையில் வயிறாரச் சாப்பிட்டிருந்தேன். அவர் என் போனை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தார்.

"அந்தப் பெட்டி எங்க சார்? மீட்டரு, லைட்டெல்லாம் வச்சிருந்தீங்களே?"

அது பயன்படவில்லை என்று நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கயிறும் கப்பியும் பேப்பர்ல வந்தா எந்தப் பெத்தவங்க பிள்ளையக் கொண்டாந்து சேப்பாங்க? டிரஸ்ட்ல சிரிப்பாங்க சார். அந்தம்மாவ அந்தப் பெட்டி பக்கத்துல நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. அது போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

வகுப்பில் சொன்னேன். எடுத்துவிடலாம் சார், ஒரு போட்டோதானே என்றார்கள் பாதிப் பேர். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். டிபார்ட்மென்ட் போனால் கடைசி வருஷம் எந்த ஊரில் என்று அவர்களுக்கும் தெரியாது. நான் அடுத்த நாள் தனியாக மன்னவனூர் பஸ் ஏறினேன். பூம்பாறை தாண்டும்வரை எனக்குள் ஒரே பேச்சுதான். பொய் சொல்லச் சொல்லவில்லை, நிற்கத்தான் சொல்லப் போகிறேன். பெட்டி அவர் முற்றத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் நின்றால் என்ன. என் பிள்ளைகள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டேன்.

கேட்டேன். "அதுக்கென்ன சார், நிக்கிறேன்" என்று உடனே சொன்னார் அந்த அம்மா. இரண்டாவது கேள்வி இல்லை. சேலை மாற்ற உள்ளே போய்விட்டார். வீட்டுக்காரர் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பெட்டிமேல் போட்டிருந்த தார்ப்பாயை எடுத்து மடித்தார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அந்தப் படம் பேப்பரில் வந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் முழுசாக நினைத்தேன். மேல்மலை முழுக்கப் பார்க்கும். இனிமேல் யார் வீட்டு வாசலில் யார் உட்கார்ந்து பூண்டு கட்டினாலும், காசைக் கொடுத்துப் பெட்டி வாங்கின கிறுக்கு என்று இவரைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள். இல்லை, இவரே வாங்கிவிட்டார் என்று நம்பி இன்னும் நாலு வீடு வாங்கும். அவர்கள் மூட்டையும் வடுகபட்டியில் ஒதுங்கும். வேண்டாம் என்று இவரால் என்னிடம் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொண்டேதான் நான் வந்து கேட்டிருக்கிறேன்.

நீலச் சேலையில் வெளியே வந்து, தலையைக் கோதிக்கொண்டு பெட்டி அருகே நின்றார்.

"போன்ல சார்ஜ் இல்லம்மா" என்றேன்.

"அப்ப இன்னொரு நாளைக்கு வாங்க சார்" என்றார். அவர் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, நான் செய்தது சரி என்ற நிம்மதியெல்லாம் எனக்கு வரவில்லை. அப்படி வந்ததாக எழுதினால் உங்களிடம் பொய் சொன்னதாக ஆகும். இறங்கித் திரும்பிப் போய் எடுத்துவிடலாமா என்று இரண்டு இடத்தில் எழுந்து நின்றேன். தாளாளரிடம் போய், படம் இல்லை சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.

வருஷக் கடைசியில் டிபார்ட்மென்டைப் பூட்டி, பிள்ளைகளைக் கீழே சமவெளியில் இருந்த டிரஸ்டின் இன்னொரு கல்லூரிக்கு மாற்றினார்கள். என்னையும் அங்கேயே ஸ்டோர் ரூமுக்குப் போட்டார்கள். வில்பட்டிப் பெண்ணை மட்டும் அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. ஒரு வருஷம் மிச்சமிருக்கும்போது படிப்பு நின்றது. நிற்கிறேன் சார் என்று சொல்லத்தான் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். நான் அவளுக்கு நடத்திய பாடத்தில் அதற்கு ஒரு வழியும் இருக்கவில்லை.

உங்களிடம் சொல்ல எனக்குப் பல நாள் வாய் வரவில்லை. ஒரு சாயங்காலம், அம்மா அடுப்படியில் இருந்தாள். சின்னவன் படம் வரைந்துகொண்டிருந்தான். பெரியவளே, நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். பரீட்சை முடிந்ததும் நாம் கீழே போகிறோம், அங்கேயும் நல்ல ஸ்கூல் இருக்கிறது, உனக்குப் பிடிக்கும் என்றேன். நீ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய்.

"நான் வரலப்பா" என்றாய்.

அழவில்லை, சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு மறுபடி கணக்கைப் பார்த்தாய். அவ்வளவு நேராக என்னிடம் யாரும் முடியாது என்று சொன்னதில்லை. நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். நம் மூவரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.